பெயர் உனக்கு, சாவி யாருக்கு?

தம்பி, அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. கழுத்தில் டை, கையில் பைல், பின்னால் கண்ணாடிக் கட்டடம். உன் அப்பா அதை எடுத்துக்கொண்டு கம்போங் ராஜா மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போய் மேசை மேசையாகக் காட்டிவிட்டு வந்தார். வீட்டுக்குத் திரும்பியபோது படத்தின் ஓரத்தில் மீன் குழம்பு. "என் மவன் கம்பெனி டைரக்டராயிட்டான்" என்று நம் கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்ற வரும் லோரிக்காரன் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. நானும் சந்தோஷப்பட்டேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். படத்தைப் பார்த்து அழுதேன்கூட. அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு வழக்கமாக வருவது வந்தது.

எது என்று உனக்குத் தெரியும். "யாராச்சும் சும்மா சிரிச்சாலே பின்னால என்ன ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு அம்மா எட்டிப் பார்க்கும்" என்று சின்ன வயதிலிருந்து கேலி செய்கிறவன்தானே நீ. எஸ்டேட்டுக்கு ஊசி போட வந்த நர்ஸ் மிஸ்ஸியை நான் நம்பாமல், உன்னைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஓடி விளையாடிக்கொண்டிருக்க, நீ மட்டும் அம்மை வார்த்துக் கிடந்தாய். என் சந்தேகம் பாதிக்கு மேல் தப்பாகத்தான் போயிருக்கிறது, எனக்கே தெரியும். அதனால் நான் சொல்வதெல்லாம் சரி என்று நினைத்து இதைப் படிக்காதே. ஆனால் படி. கடைசி வரைக்கும் படி. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படி.

என்ன வேலை அது என்று தெரிந்துகொள்ளத்தான் மாமாக் கடைப் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். பின்னால் ரொட்டி தட்டுகிற சத்தத்தில் பாதி காதில் விழவில்லை என்று நீ நினைத்திருப்பாய். எல்லாம் விழுந்தது.

"வேலைன்னு பெருசா ஒண்ணும் இல்லம்மா. நம்ம பழைய எஸ்டேட்டு பேக்டரிய மட்டும் தனியா ஒரு சின்ன கம்பெனியா பிரிச்சிருக்காங்க. அதுக்கு டைரக்டருன்னு உள்ளூர்ல இருக்கற ஆளுங்க பேரு வேணும், சட்டம் அப்படி லா. எம் பேரையும் போடறாங்க. பேப்பர்ல மட்டும்தான்."

"பேப்பர்ல மட்டும்னா என்னப்பா அர்த்தம்?"

"கையெழுத்து போட்டா போதும், மத்தத அவங்களே பார்த்துக்குவாங்க. ஏம்மா எல்லாத்துக்கும் சந்தேகப்படுற? எத்தனை பேரு இதுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க தெரியுமா?"

எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அத்தனை பேரை விட்டுவிட்டு உன்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றுதான் யோசிக்கிறேன். உன் ஆபீசில் வக்கீல் மகன் இருக்கிறான், டத்தோ பட்டம் வாங்கியவர் மகன் இருக்கிறான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவர்களெல்லாம் அந்த நாற்காலியை உனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்றால், அந்த நாற்காலியின் காலை ஒருமுறை ஆட்டிப் பார்க்க வேண்டாமா? உனக்குக் கெட்டிக்காரத்தனம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கெட்டிக்காரத்தனத்துக்காக மட்டும் கொடுக்கிறார்களா என்று கேட்கிறேன்.

உன் அப்பாவுக்கும் ஒரு காலத்தில் இப்படித்தான் கொடுத்தார்கள். அந்தக் கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். நீ அப்போது ஈப்போவில் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். "அப்பாவுக்கு எஸ்டேட்டு வேலை சலிச்சுப் போச்சு, கோலா தெர்லாவுல தோட்டம் போடப் போறோம்" என்று உனக்குச் சொல்லச் சொன்னதே அவர்தான். பிள்ளை மனசு கலைந்து படிப்பு கெட்டுவிடும் என்றார். நானும் சரி என்றேன். இப்போது உன் படிப்பெல்லாம் முடிந்துவிட்டது. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நம் தேயிலை எஸ்டேட்டை வெள்ளைக்காரக் கம்பெனி விற்றுவிட்டுப் போனது. கோலாலம்பூர் கம்பெனி ஒன்று வாங்கியது. வந்த புதுத் துரை வெள்ளைக்காரர் இல்லை, நம் நாட்டுக்காரர்தான். இருந்தாலும் அவரையும் துரை என்றுதான் கூப்பிட்டோம், அந்த பங்களாவில் இருக்கிறவருக்கு வேறு பெயர் எங்களுக்குத் தெரியாது. புதுக் கம்பெனிக்குச் சட்டத்தின் மேல் பெரிய பக்தி. வாசலுக்கு வாசல் பலகை, குழாயடிக்கு ஒரு பலகை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கு ஒரு பலகை. மெஷின்களைப் பார்க்க அரசாங்கத்து ஆள் இனி அடிக்கடி வருவாராம், பேக்டரிக்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் பெயர் வேண்டுமாம். அதைச் சொல்ல துரையே எங்கள் லயத்துக்கு நடந்து வந்தார். லயத்து வாசலில் துரையின் சப்பாத்துக் கால் ஏறியதை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

உன் அப்பா அப்போது பேக்டரியில் மெஷின்களுக்குப் பெல்ட் மாட்டுவார், எண்ணெய் விடுவார், பழுது பார்ப்பார். அவ்வளவுதான். "இன்னைலேருந்து நீதான் இந்த பேக்டரிக்குப் பொறுப்பாளர்" என்று துரை சொன்னதும் அவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற நிற்பை நீ பார்த்திருக்க வேண்டும். உனக்கு ஒன்று சொல்லவேண்டும். எஸ்டேட்டில் பட்டம் என்றால் அது பெருமை, வேறொன்றும் இல்லை. கங்காணி என்றால் பெருமை, ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி என்றால் இன்னும் பெருமை. மாரியம்மன் திருவிழாவில் சாமிக்குச் சாத்திய பட்டைத் தலையில் கட்டி முதல் மரியாதை செய்வார்களே, அது யார் தலைக்கு முதலில், யார் தலைக்கு அடுத்தது என்று அடிதடியே நடக்கும். அப்படி வளர்ந்த ஜனங்களிடம் பொறுப்பாளர் என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்து போட்டார்கள். அது சட்டத்தில் எழுதிய சொல், ஏதாவது நடந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காக எழுதியது. நாங்கள் அதற்கு மாலை போட்டோம்.

அந்த வருஷத் திருவிழாவில் பெரிய கிராணிக்கு அடுத்தபடியாக உன் அப்பா தலையில் பரிவட்டம் கட்டினார்கள். ஆடு வெட்டி லயம் முழுக்கச் சோறு போட்டோம். பேக்டரி வாசலில் வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயரை எழுதிய பலகை ஏறியது. ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பம் குடும்பமாக வந்து அதன் கீழே நின்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள். நானும் நின்றேன். ஆனால் வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"மெஷின நிப்பாட்டணும்னா இனிமே யாரக் கேக்கணும்?"

"சின்ன தொரையத்தான். சுவிச்சு ரூம் சாவி அவருகிட்டதானே இருக்கு."

"அப்ப நீங்க எதுக்குப் பொறுப்பு?"

"அட, அது ஒரு மரியாதைடி. ஊரே சந்தோஷமா இருக்கு, நீ மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிற."

என்ன செய்யட்டும், தலையில் பட்டுக் கட்டியிருக்கிற மனுஷனிடம் சாவி எங்கே என்று எத்தனை தடவைதான் கேட்பது?

அரசாங்கத்து ஆள் வரும் கதையையும் சொல்லிவிடுகிறேன், நீ சிரிப்பாய். அவர் மலை ஏறுவதற்கு முன்னாலேயே டவுனிலிருந்து ஆபீசுக்குப் போன் வந்துவிடும். உடனே பேக்டரியே கல்யாண வீடு ஆகிவிடும். பெல்ட்டில் யார் கையும் மாட்டாமல் இருக்க அதைச் சுற்றிப் போடும் கம்பி வலைக் கூடுகள் எல்லாம் ஸ்டோர் அறையில் தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றை எடுத்துத் தூசி தட்டி, பச்சைப் பெயிண்ட் அடித்து, மெஷினில் மாட்டுவார்கள். வந்தவர் சுற்றிப் பார்ப்பார், துரை பங்களாவில் டீ குடிப்பார், போவார். கார் வளைவு திரும்பியதும் கூடுகளைக் கழற்றிவிடுவார்கள். கூடு இருந்தால் தூசி அடைத்துக்கொள்ளும், அடிக்கடி நிறுத்திச் சுத்தம் பண்ண வேண்டும், இலை தேங்கிப்போகும். அதில் துரை, கிராணி, கூலி என்று வித்தியாசமே இல்லை. எல்லோரும் சேர்ந்துதான் மாட்டினார்கள், எல்லோரும் சேர்ந்துதான் கழற்றினார்கள், எல்லோரும் சேர்ந்துதான் சிரித்தார்கள். பெயர் மட்டும்தான் ஒருவருடையது.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து கொழுந்து குவிந்து வந்தது. தூள் சலிக்கும் மெஷினின் பெல்ட் தளர்ந்து தளர்ந்து நழுவிக்கொண்டிருந்தது. கூட்டை மாட்ட வேண்டும், அதற்கு மெஷினை நிறுத்த வேண்டும் என்று உன் அப்பா சொல்லப் போனார். சொல்வது எப்படி என்று உனக்குத் தெரியாது. நீ ஆபீசில் தாளில் எழுதி அனுப்புகிறாய். எஸ்டேட்டில் துரைக்கு யாரும் எழுத மாட்டார்கள். எழுதினால் திமிர். ஆபீஸ் வராந்தாவில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும், கிராணி வெளியே வருவார், அவரிடம் சொல்ல வேண்டும், அவர் உள்ளே போய்ச் சொல்லுவார். உன் அப்பாவும் அப்படித்தான் நின்றார். "தொரைகிட்ட சொல்லிட்டேன்லா, எல முடியட்டும்ங்கிறாரு" என்று கிராணி சொன்னார். இன்னொரு நாளும் போய் நின்றார். அதே பதில். பிறகும் போனார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார், சாப்பிட மாட்டார்.

பக்கத்து வீட்டு அஞ்சலையை உனக்கு நினைவிருக்கும். நீ லீவுக்கு வரும்போதெல்லாம் உனக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து கொடுப்பாளே, அவள்தான். அந்த மெஷின் பக்கத்தில் நின்று தூள் கூட்டிக்கொண்டிருந்தாள். குளிருக்கு மேலே போட்டிருந்த ஸ்வெட்டர் கை பெல்ட்டில் மாட்டியது. உன் அப்பா சுவிட்ச் அறைக்கு ஓடினார். பூட்டியிருந்தது. சின்னத் துரை தோட்டத்துக்குப் போயிருந்தார், சாவி அவர் இடுப்பில். பலகையில் பெயர் எழுதிய பொறுப்பாளர் அந்தக் கதவை உதைத்துக்கொண்டு நின்றார் தம்பி. கதவு திறக்கவில்லை. திரும்பி ஓடிவந்து ஒரு கட்டையைக் கொடுத்துப் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து தள்ளிவிட்டார். அதற்குள் அவளுடைய வலது கை போய்விட்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ரொம்ப மரியாதையாக நடந்தது. யாரும் சத்தம் போடவில்லை. கம்பெனி தன்மேல் வழக்கு வராதபடி பார்த்துக்கொண்டது, வழக்கு உன் அப்பாமேல் வந்தது. சட்டம் கேட்டபடி நாங்கள் ஒரு பொறுப்பாளரை நியமித்திருக்கிறோம், அவருக்குத் தெரியாமல் அங்கே ஒன்றும் நடக்காது, இதோ பலகை என்று அவர்களுடைய வக்கீல் கோர்ட்டில் எழுந்து சொன்னார். மெஷினை நிறுத்த வேண்டும் என்று சொன்னாயா என்று உன் அப்பாவைக் கேட்டார்கள். சொன்னேன் என்றார். யாரிடம் என்றார்கள். கிராணி ஐயாவிடம் என்றார். கிராணியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே, "ஞாபகத்துல இல்லீங்க" என்றார். அவரைக் கெட்டவர் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். வயசுக்கு வந்த பெண்கள் வீட்டில், இருக்கிற வீடு கம்பெனியுடையது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. மன்னிக்க வேண்டும் என்று சாமி கும்பிடும்போது நினைப்பேன், மணி அடித்து முடிப்பதற்குள் மனசு மாறிவிடும்.

அபராதம் போட்டார்கள். வேலை போனது. வேலை போனால் லயத்து வீடும் போகும். சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அஞ்சலை வந்தாள், மொட்டைக் கையை முந்தானையில் மூடிக்கொண்டு.

"அக்கா, அண்ணன்தான் கூட்டைக் கழட்டச் சொன்னாருன்னு நான் எழுதிக் குடுத்துட்டேன். ஆயாக் கொட்டாயில வேலை போட்டுத் தர்றேன்னாங்க. ஒத்தக் கைய வச்சுக்கிட்டு வேற எங்கக்கா போவேன்?"

என்னால் அவளைத் திட்ட முடியவில்லை. உன் அப்பாதான் லோரியிலிருந்து இறங்கி வந்து, "போ தாயி, மழையில நிக்காத" என்றார். அவர் அப்படித்தான். இன்றைக்கும் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேச மாட்டார். கோலா தெர்லாவுக்கு வந்து சீனத் தவுக்கே முதலாளியின் தோட்டத்தில் கோஸ் நட்டார், பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் பிடித்தார், உன்னைப் படிக்க வைத்தார். அவருக்குக் கிடைத்ததெல்லாம் நல்ல தூக்கம். எனக்குத்தான் அது இல்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சட்டம் தெரியாது, நீதான் படித்தவன். ஆனால் நீ சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்லலாம் அல்லவா? பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது லீவில் வந்து, அடுப்பங்கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, டைரக்டர் என்று பெயர் இருந்துவிட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாதும்மா என்று ஒப்பித்தாய். அதை மறந்துவிட்டாயா? போன தீபாவளிக்கு வந்தபோது இன்னொன்று சொன்னாய். "எங்க ஆபீசுல மீட்டிங் போடாமயே மீட்டிங் முடிஞ்சிரும்ப்பா. நடந்த மாதிரி எழுதி வச்சு, சுத்தி அனுப்பிக் கையெழுத்து வாங்கிடுவோம்." உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தேன், எண்ணெய் கையில் தெறித்ததுகூடத் தெரியவில்லை. அரசாங்கத்து ஆள் வருகிறார் என்று வலைக் கூட்டை மாட்டிவிட்டு, கார் போனதும் கழற்றுகிறவர்கள்தானே இவர்களும் என்று தோன்றியது. அங்கே பச்சைப் பெயிண்ட், இங்கே தாள். இனி அந்தத் தாளில் உன் கையெழுத்து.

அதோடு இன்னொரு குடைச்சல். இத்தனை வருஷம் எஸ்டேட்டோடு சேர்ந்திருந்த பேக்டரியை இப்போது எதற்குத் தனியாகப் பிரிக்கிறார்கள்? நிலம் பெரிய கம்பெனியிடம், பங்களா பெரிய கம்பெனியிடம், தேயிலைப் பெயர் பெரிய கம்பெனியிடம் என்கிறாய். நெருப்பும் பெல்ட்டும் இலை காயவைக்கும் ஓட்டை டிரையரும் மட்டும் சின்னக் கம்பெனிக்கு. நாளைக்கு ஒன்று நடந்தால், போய்க் கேட்கிறவன் எந்த வாசலில் நிற்பான்? வேறு நல்ல காரணம் இருக்கலாம். வரி, கணக்கு என்று நீ ஏதாவது சொல்வாய். சொல், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காரணத்தை உனக்கு யார் சொன்னார்கள், நீயே பார்த்தாயா, அவர்கள் சொன்னதை அப்படியே சொல்கிறாயா? நீ யார் மகன் என்று அவர்களுக்குத் தெரியுமா? தெரிந்தே கூப்பிட்டிருந்தால் எனக்கு ஒரு பயம். தெரியாமல் கூப்பிட்டிருந்தால், தங்கள் பேக்டரியில் முன்னால் நடந்ததைக்கூடத் தெரிந்துகொள்ளாதவர்கள் என்று வேறொரு பயம்.

நான் சும்மா வீட்டில் உட்கார்ந்து புலம்பவில்லை. போன செவ்வாய்க்கிழமை, உன் அப்பா திரிங்காப்புக்கு விதை வாங்கப் போன நேரம், பஸ் ஏறிப் பழைய எஸ்டேட்டுக்குப் போனேன். எங்கள் லயத்தில் இப்போது வேறு நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "டைரக்டரம்மா! இந்த வருசத் திருவிழாவுல ஒங்க மவனுக்குத்தான் மொதப் பரிவட்டம், பேசி முடிச்சாச்சு" என்றார். அவர் முகத்தில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

பேக்டரியில் இப்போது மேனேஜராக இருக்கிறவர் உன் வயதுப் பையன். நம் பிள்ளைதான், தமிழில் பேசினார். நீ என் மகன் என்று சொன்னதும் நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். நல்ல பிள்ளை. சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"தம்பி, எம் மவன் டைரக்டராகி, கோலாலம்பூர்லேருந்து போன் போட்டு, அந்த டிரையர் சரியில்ல, நிறுத்துன்னு சொன்னா நிறுத்துவீங்களா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். "அதெப்படிம்மா, ஒடனே நிறுத்த முடியும்? நான் மேல கேக்கணும்."

"மேலன்னா?"

"டைரக்டருக்கு மேல."

"டைரக்டருக்கு மேல யாரு தம்பி?"

அவர் டீ கிளாசை நகர்த்தி வைத்தார். கதவைப் பார்த்தார். "போன் வரும்மா. இன்னாருன்னு பேரு சொல்ல மாட்டாங்க. ஆனா அந்த போன் வந்தாத்தான் எதுவும் நடக்கும்." பிறகு, யாரும் இல்லாத அந்த அறையில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இதை நான் சொன்னேன்னு மகன்கிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லாதே என்றதை உன்னிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளையின் பெயரை எழுதவில்லை, நீயும் யாரிடமும் கேட்காதே. நீ கேட்க வேண்டியது வேறு. கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு அவர்களுடைய பெரிய மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, அவர்கள் பேனாவை நீட்டும்போது, பேனாவை வாங்குவதற்கு முன்னால் கேள்: நான் நிறுத்தச் சொன்னால் மெஷின் நிற்குமா? நிற்கும் என்றால் அதை எழுதித் தரச் சொல், பேக்டரிக்கும் ஒரு நகல் அனுப்பச் சொல், பிறகு போடு. நிற்காது என்றால், அந்தப் போனில் பேசுகிறவர் யார் என்று கேள். பெயரைச் சொன்னார்களானால், கையெழுத்தையும் அவரையே போடச் சொல்லிவிட்டு எழுந்து வா. சொல்லாவிட்டாலும் எழுந்து வா. வேறு வேலை கிடைக்கும். கிடைக்காவிட்டால் இங்கே கோஸ் இருக்கிறது, குளிர் இருக்கிறது, நான் இருக்கிறேன்.

நான் நினைப்பதெல்லாம் தப்பாக இருக்கட்டும். ஊசி போட வந்த மிஸ்ஸியைப்போல இவர்களும் நல்லவர்களாகவே இருக்கட்டும். அப்படியானால் ஒரு கேள்வி கேட்டதற்காக உன்மேல் கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டார்களானால் உனக்கே புரிந்துவிடும்.

உன் அப்பாவுக்கு நான் எஸ்டேட்டுக்குப் போய் வந்தது தெரியாது, இந்தக் கடிதமும் தெரியாது. திருவிழாவுக்கு உன்னோடு கோயிலுக்குப் போக இப்போதே வேட்டியைத் துவைத்து இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறார். வேண்டாம் என்று நீ முடிவு செய்தால், அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். என்னால்தான் என்று சொல்வேன், இவள் வாய் சும்மா இருக்காது என்று என்மேல் கோபப்படுவார், ஒரு வாரம் பேச மாட்டார், எனக்கு அது பழக்கம்தான். ஆனால் அவர் நின்ற அதே இடத்தில், அதே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு நீ நிற்கிறாய் என்று ஒருநாள் அவரிடம் நான் போய்ச் சொல்ல வேண்டி வந்தால், அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை தம்பி.

அம்மா